உச்சந்தலையின் ஏழு படங்கள்

ஸ்டூடியோக்காரர் தன் உச்சந்தலையை முதன்முதலாகப் பார்த்தது நாற்பத்து நான்காவது வயதில். அதுவும் இருநூறு சதவீதம் பெரிதாக்கி.

தப்பு அவருடையது அல்ல. ஒளிப்படக் கலைஞர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களை வரிசையாக நிற்கவைத்துப் படமெடுப்பது பழைய பாணி என்று சங்கத் தலைவருக்குத் தோன்றிவிட்டது. அவர் புதுமை விரும்பி. போன வருடம் எல்லாரையும் ஒரே சமயத்தில் குதிக்கச் சொல்லி எடுத்ததில் செயலாளருக்குக் கணுக்கால் பிசகியது. இந்த வருடம் எல்லாரும் கீழே கூடத்தில் வட்டமாக நிற்க, தலைவர் மாடிக் கைப்பிடியில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு எடுத்தார். "யாரும் மேல பாக்காதீங்க, இயல்பா இருங்க" என்று கத்தினார். நாற்பது படக்காரர்கள் இயல்பாக இருக்கப் பாடுபட்ட அந்தப் படம் மறுநாள் காலை எல்லார் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது.

ஸ்டூடியோக்காரர் தன்னைத் தேடினார். கட்டம் போட்ட சட்டையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. சட்டைக்கு மேலே, தலை இருக்கவேண்டிய இடத்தில், தேநீர்க் கோப்பையின் அடித்தட்டு அளவுக்கு ஒரு வெளிச்ச வட்டம் இருந்தது. லென்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். பெரிதாக்கினார். கோளாறு தெளிவானது. அதற்குள் சங்கத்து இளைய உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணே, உங்க தலைக்கு மட்டும் தனியா லைட் போட்டாங்களா?" அதன் கீழே பதினோரு பேர் சிரித்திருந்தார்கள்.

அவர் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஸ்டூடியோவில் மூன்று அறைகள். முன்னால் வாடிக்கையாளர் உட்காரும் இடம். நடுவில் சாம்பல் நிறத் திரையும் விளக்குகளும் உள்ள படமெடுக்கும் அறை. கடைசியில் கணினி. கணினிக்கு முன்னால் அவர் மனைவி. இருபத்தோரு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தபடி ஊரார் முகத்துப் பருக்களையும் கண்ணுக்குக் கீழான கருவளையங்களையும் இரட்டை மோவாய்களையும் ஒழித்துவருபவள். தெருவில் அவளை 'டச்சப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மனைவி வந்து படத்தைப் பார்த்தாள்.

"இது என்ன?" என்றார் இவர்.

"உங்க தலை."

"அது தெரியுது. இந்த வட்டம்?"

"அதுவும் உங்க தலைதான்."

"எப்ப இருந்து இது?"

"ஒரு நாலு வருஷம் இருக்கும்."

"நாலு வருஷமா பாத்துட்டு வாயைத் திறக்காம இருந்திருக்க?"

"நீங்க கேக்கலயே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். உங்க தலைதானே."

மற்றவர்களுக்கு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று காட்டுவதே தொழிலாகக் கொண்ட மனிதர், தன்னை மட்டும் நேர் எதிரில் இருந்தே பார்த்து வந்திருக்கிறார். நேர் எதிரில் இருந்து பார்த்தால் எல்லாருக்கும் முடி இருக்கும்.

அந்த வார இறுதியில் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. தொழில், தன்னம்பிக்கைப் பயிற்சி. அலுவலகங்களுக்குப் போய், அங்கே நாற்காலியில் உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, 'என்னால் முடியும்' என்று மூன்று முறை கத்தவைத்துவிட்டு வருவான். எது முடியும் என்று அவனும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. மூன்று வருடம் முன்பு பின்னந்தலையிலிருந்து முடியை எடுத்து முன்நெற்றியில் நட்டுக்கொண்டவன். அதற்குப் பிறகும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மருந்தை நம்புகிறவன் தன்னை நம்பாதவன் என்ற கொள்கைப்படி அவன் சாப்பிடவில்லை. ஆகவே நட்ட முடி முன்னால் வேலி போல அடர்ந்து நிற்க, அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி சத்தமில்லாமல் விடைபெற்றுவிட்டது. பக்கவாட்டில் பார்த்தால் தொப்பி முன்னால் நழுவியது போல இருக்கும். அதனால் அவன் கூட்டத்துக்கு முதுகு காட்டுவதே இல்லை. பேச்சு முடிந்ததும் கும்பிட்டபடியே பின்னால் நடந்து மேடையை விட்டு இறங்குவான். என்ன பணிவு என்று ஜனங்கள் மெய்சிலிர்ப்பார்கள்.

"மாமா, யோசிக்காதீங்க. யோசிக்கிறவன் தோக்கிறான்" என்றான். "ஒரே நாள். காலையில உள்ள போறீங்க, சாயங்காலம் புது மனுஷனா வெளிய வர்றீங்க."

"பின்னாடி இருக்கிறத எடுத்து முன்னாடி நடுறாங்க, அவ்வளவுதானே?"

"அதுதான் மாமா வாழ்க்கையே! பின்னாடி இருக்கிறத முன்னாடி கொண்டு வர்றது!"

"டேய், கொஞ்சம் திரும்பி நில்லு, மாமா பாக்கட்டும்" என்றாள் அக்கா.

மச்சினன் திரும்பவில்லை.

ஸ்டூடியோக்காரருக்குக் கத்தியும் பயம், காலமெல்லாம் மாத்திரை என்பதும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு அவர் போனது ஊரிலேயே பெரிய இடத்துக்கு. 'கேச நலம் மற்றும் தன்மதிப்பு மீட்பு மையம்' என்று வாசலில் எழுதியிருக்கும். பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக டாக்டரின் படம், கைகளைக் கட்டிக்கொண்டு, காடு போன்ற முடியுடன். அந்தப் படத்தை எடுத்தவர் இவர். காட்டை வளர்த்தவள் இவர் மனைவி. பதினொரு நிமிடம் ஆனது. மையத்தின் விளம்பரம், அழைப்பிதழ், சுவரொட்டி எல்லாமே இவர்கள் ஸ்டூடியோவிலிருந்துதான் போகும். வாசலில் இருப்பதைத் தினமும் பார்த்துப் பார்த்து, அது தன்னுடைய முடிதான் என்று டாக்டரே நம்பத் தொடங்கி வெகு நாளாகியிருந்தது.

டாக்டர் இவரை உட்காரவைத்து, விளக்கை அணைத்து, திரையில் படம் ஓட்டினார். "இது சிகிச்சை இல்லீங்க, இது ஒரு பயணம்" என்று ஆரம்பித்தார். அரைமணி நேரப் பயணத்தில் இவருக்குப் புரிந்தது இவ்வளவு: ஒரு பக்கம் தினமும் தலையில் தடவும் மருந்தும் ஒரு மாத்திரையும், பலன் தெரிய ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். இன்னொரு பக்கம் ஆபரேஷன். பின்னந்தலையில் எடுத்த முடி எடுத்ததுதான், அங்கே மறுபடி முளைக்காது. எங்கே நடுவது என்பதைத் தப்பாக முடிவுசெய்தால் திருத்த மேற்கொண்டு சரக்கு கிடையாது.

"மாத்திரையில ஏதாவது தொந்தரவு வருமா?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "சிலருக்கு… ரொம்பச் சிலருக்கு… ஆர்வம் கொஞ்சம் குறையலாம்."

"எதுல?"

"வீட்டுல."

இருபத்தோரு வருட மண வாழ்க்கையில் இனிக் குறைய எவ்வளவு பாக்கி என்று இவர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டார். தாங்கும் என்று பட்டது.

கடைசியில் டாக்டர் தீர்ப்பு சொன்னார். ஆறு மாதம் மருந்து. இன்று ஒரு படம், பிறகு மாதம் ஒன்று, ஆக ஏழு படங்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே கோணம். ஏழாவது படத்தில் வளர்ச்சி தெரிந்தால் மருந்தே தொடரும். தெரியாவிட்டால் ஏழாம் மாதம் முதல் வியாழக்கிழமை ஆபரேஷன். தேதியை இப்போதே எழுதி வைத்துவிடலாம்.

ஸ்டூடியோக்காரருக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இனி அவர் முடிவெடுக்க வேண்டியதில்லை. கேமரா படம் எடுக்கும், படம் முடிவு எடுக்கும். தன்னைவிடத் தன் கேமராவை நம்பித்தானே இத்தனை வருடம் பிழைத்திருக்கிறார்?

அன்றே நடு அறையில் வேலையை ஆரம்பித்தார். ஒரு முக்காலியைத் தரையோடு திருகி வைத்தார். கால் வைக்கும் இடத்தில் மஞ்சள் ஒட்டுநாடா. மேலே குறுக்குக் கம்பியில் கேமரா, அதற்கு இருபுறமும் அசையாத விளக்குகள். மோவாய் நிற்கவேண்டிய உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு. கடவுச்சீட்டு அலுவலகத்துக்குக்கூட அவர் இவ்வளவு சுத்தமாகப் படமெடுத்ததில்லை. முக்காலியில் உட்கார்ந்து, கையில் இருந்த விசையை அழுத்தி, தன் தலையைத் தானே எடுத்தார். எழுந்து உள்ளே குரல் கொடுத்தார்: "டாக்டருக்கு ஒரு படம் போகணும், அனுப்பிடு."

அவ்வளவுதான் சொன்னார். இனி வரப்போகிற கதையெல்லாம் அவர் சொல்லாமல் விட்ட மிச்சம்.

ஏனென்றால் அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு சட்டம் உண்டு. கடை திறந்த முதல் வாரத்தில் இவரே போட்ட சட்டம்: 'முந்தின படத்தைவிட மோசமா யாரும் நம்ம கடையை விட்டு வெளிய போகக்கூடாது.' புது ஆள் வந்தால் முதல் படத்தில் மனைவி அதிகம் கை வைக்கமாட்டாள். தூசி தட்டுவாள், வெளிச்சம் சரிசெய்வாள். அதே ஆள் அடுத்த முறை வரும்போது, முன்பு முடித்த படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, அதிலிருந்து ஒரு பிடி மேலே போவாள். மூன்றாவது முறை இரண்டாவதிலிருந்து ஒரு பிடி. பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சந்தேகப்பட முடியாது. இந்த ஸ்டூடியோவில் வந்து படம் எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள ஆள் தேறிவருவது போல ஊரில் ஒரு பேச்சு இருந்தது. வியாபாரமே அந்தப் பேச்சில்தான் ஓடியது. இதில் யார் தலை என்று பார்க்கிற வழக்கம் மனைவிக்கு இல்லை. டாக்டருக்குப் போகிற படமெல்லாம் முடித்துத்தான் போகும். இதுவும் முடிந்து போயிற்று.

முதல் மாதம் தடவினார், விழுங்கினார். இரண்டாவது மாதம் குளியலறை வடிகாலில் கொத்துக் கொத்தாக முடி. பதறிப்போய் மையத்துக்கு ஓடினார். டாக்டர் திரையில் மூன்று படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டார்; வட்டத்தின் ஓரம் லேசாக மூடத் தொடங்கியிருந்தது.

"கொட்டுதுங்க" என்றார் இவர்.

"கொட்டணும். ஆரம்பத்துல கொட்டும். பழசு போகுது, புதுசு வருது. படத்தைப் பாருங்க, பொய்யா சொல்லுது?"

படம் பொய் சொல்லாது என்பதை ஸ்டூடியோக்காரர் ஒப்புக்கொண்டார். அந்த நிமிடத்தில் அவர் முகத்தில் கேலி ஏதும் இல்லை.

நான்காவது மாதம் அவர் நடையே மாறிவிட்டது. சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பின்வரிசைக்காரர்கள் பார்க்கட்டும் என்று கழுத்தை வேறு வளைத்துக்கொண்டார். அவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிதிருத்துபவர் வழக்கம்போல் வெட்டி முடித்துப் பின்னால் சிறு கண்ணாடியைத் தூக்கியபோது இவர் கையால் தள்ளிவிட்டார். "அதெல்லாம் வேண்டாம்ப்பா. நம்மகிட்ட படமே இருக்கு."

"எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க, எப்பவாவது கண்ணாடியையும் பாருங்க சார்" என்று முடிதிருத்துபவர் முணுமுணுத்தது மின்விசிறிச் சத்தத்தில் போய்விட்டது.

ஏழாவது படம் போன வாரம் டாக்டர் எழுந்து நின்று கைகுலுக்கினார். விளக்கை அணைத்தார். ஏழு உச்சந்தலைகள் திரையில் வரிசையாக நின்றன. கோப்பைத்தட்டு பொத்தானாகி, பொத்தான் புள்ளியாகி, ஏழாவதில் காணாமலே போயிருந்தது. கணினி ஏதோ கணக்குப் போட்டு எண்பத்திரண்டு சதவீதம் என்றது.

"நான் நிறைய தலை பாத்திருக்கேன். இப்படி ஒரு தலை பாத்ததில்ல" என்றார் டாக்டர். அடுத்த சனிக்கிழமை கேச நல நிபுணர்கள் மாநாடு. அதில் இந்தப் படங்களைக் காட்டி 'ஒரு தலையின் மறுமலர்ச்சி' என்று பேசப்போகிறாராம். ஆபரேஷன் தேவையே இல்லை. மாநாட்டுப் பேச்சைத் தயாரித்து முடித்ததும் தேதியை முறைப்படி ரத்து செய்துவிடலாம். நாற்பது நிமிடம் அவர் திரையைப் பார்த்துப் பேசினார். அந்தத் தலை அவரிடமிருந்து மூன்றடி தள்ளி, நாற்காலியில், ஒரு கழுத்தின் மேல் இருந்தது. இருட்டில் பின்னால் நின்றிருந்த உதவி டாக்டர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன ஒரு பெண், திரையைப் பார்த்தாள். அந்தத் தலையையும் பார்த்தாள். "சார், ஒரு நிமிஷம்…" என்றாள். "அப்புறம்மா, அப்புறம்" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் வந்தபோது ஸ்டூடியோக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எண்பத்திரண்டு சதவீதம்டா மாப்பிள்ளை. கத்தி இல்ல, ரத்தம் இல்ல. உள்ள போய் சாயங்காலம் வெளிய வர்ற வேலையும் இல்ல."

மச்சினனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்தவர் வெற்றியைக் கொண்டாடக் கற்றுக்கொடுப்பவன்தான். ஆனால் அது வேலை நாட்களில். அவன் மாமாவை முன்னறை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் போய் நின்று குனிந்தான்.

"மாமா, இங்க ஒண்ணும் இல்லியே."

"ஒழுங்கா பாரு."

"ஒழுங்காத்தான் பாக்கிறேன். அக்கா, இங்க வாயேன். மாமா தலையில எங்க இருக்கு எண்பத்திரண்டு?"

"பொறாமைடா உனக்கு! வா உள்ள, காட்டறேன். படத்துல இருக்கு."

மூவரும் கணினி அறைக்குப் போனார்கள். இவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெகு காலமாகியிருந்தது. கோப்புறையைத் திறந்தார். ஏழு படங்கள் இருந்தன. பக்கத்தில் இன்னொரு கோப்புறை, அதிலும் ஏழு. முதலாவதற்கு 'முடிச்சது' என்று பெயர். இரண்டாவதற்கு 'ஒரிஜினல்'.

அவர் நாற்காலியை மனைவி பக்கம் திருப்பினார்.

"நீ இதுல கை வெச்சியா?" என்றார்.

மனைவிக்குக் கேள்வியே புரியவில்லை. "டச்சப் இல்லாம நம்ம கடையிலருந்து என்னிக்குங்க படம் வெளிய போயிருக்கு?"

"இது டாக்டருக்கும்மா!"

"டாக்டர் படமும் அப்படித்தானே போகுது. மாசா மாசம் உங்க தலையை எதுக்கோ கேக்கிறாரு, சுவரொட்டிக்கா இருக்கும்னு நினைச்சேன். முந்தின படத்தைவிட மோசமா போகக்கூடாதுன்னு சொன்னது யாரு, நானா?"

சட்டம் அவருடையது. கை அவளுடையது. தலை மறுபடியும் அவருடையது.

மச்சினன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தோல்விங்கிறது ஒரு பாடம் மாமா…" என்று ஆரம்பித்தான்.

"நீ முன் ரூமுக்குப் போ" என்றாள் அக்கா. அவன் வழக்கப்படி பின்பக்கமாகவே நடந்து போனான்.

ஸ்டூடியோக்காரர் ஒரிஜினல்களைத் திறந்தார். முதலாவதையும் ஏழாவதையும் அருகருகே வைத்தார். கோப்பைத்தட்டு, கோப்பைத்தட்டாகவே இருந்தது. வியாழக்கிழமைக்கு நாலு நாள். ரத்து செய்யாத தேதி அங்கே அப்படியே காத்திருக்கிறது. பின்னந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவரிடம் உருப்படியாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"நீ சொல்லு" என்றார். "படத்தை விடு. நேர்ல பாத்துச் சொல்லு."

மனைவி பின்னால் வந்து நின்று முடியை விரல்களால் விலக்கிப் பார்த்தாள். ஊரிலேயே கூர்மையான கண் அவளுடையது. ஒரு மயிரிழை ஒளி மாறினால் பிடித்துவிடுவாள். ஆற அமரப் பார்த்தாள்.

"அப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"உனக்கு எது சரின்னு படுது?"

"எனக்கா? அந்த முக்காலியைத் தரையிலருந்து கழட்டுங்க முதல்ல. ஆறு மாசமா முட்டியில இடிச்சுக்கிறேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "ஆபரேஷன்னா நான் கூட வரமாட்டேன். தம்பிக்குப் போய் உக்காந்ததே போதும். நாள் பூரா நான் வெளிய பயந்து செத்துட்டிருக்கேன், அவன் இடைவேளையில வந்து எனக்குத் தன்னம்பிக்கை குடுக்கிறான்."

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக அவர் மையத்தில் இருந்தார். ஒரிஜினல்களை டாக்டரின் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். சட்டத்தையும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் படங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கண்ணாடியில் அழுக்கில்லை.

"இந்த ஒரிஜினல்னு ஒண்ணு இருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்குவோமா?"

"வெச்சுக்கலாம் டாக்டர். ஆனா மாநாட்டுக்குப் படம் எடுக்க எங்க சங்கத்து ஆளுங்க நாலு பேர் வர்றாங்க. டச்சப் பண்ண தலையை அவங்க வாசல்லருந்தே கண்டுபிடிச்சிருவாங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். பெரிய மனிதர்கள் விழுவதில்லை; விழுகிற இடத்திலேயே இருக்கை போட்டுக்கொள்வார்கள். அரை நிமிடத்தில் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"சரி. தலைப்பை மாத்திடலாம். 'மருந்தின் எல்லைகள்'. அதுக்கும் இதே தலை போதும். ஆறு மாசம், ஒரு பலனும் இல்ல. வியாழக்கிழமை ஆபரேஷன், அதையும் வீடியோ எடுத்துச் சேர்த்துட்டா பேச்சு பிரமாதமா முடியும்."

"போன வாரம் ஆபரேஷன் வேண்டாம்னீங்களே?"

"போன வாரம் உங்களுக்கு முடி இருந்துச்சு."

"போன வாரமும் இதே தலைதாங்க."

டாக்டருக்கு இது காதில் விழவில்லை. தலைப்பு அச்சாகிவிட்டதா என்று கேட்க மாநாட்டுக்காரர்களோடு கைப்பேசியில் பேசியபடி வெளியே போய்விட்டார். அறையில் உதவி டாக்டர் மட்டும் இருந்தாள். ஜன்னல் திரையை விலக்கி, அவரை வெளிச்சத்துக்கு அருகே உட்காரச் சொல்லி, ஒரு கைவிளக்கும் உருப்பெருக்கியும் எடுத்துக்கொண்டு பின்னால் நின்றாள். அந்த மையத்தில் ஆறு மாதத்தில் முதன்முறையாக ஒரு கை அவர் தலைமேல் பட்டது. பின்னந்தலை, பக்கங்கள், உச்சி எல்லாம் பார்த்தாள். பிறகு ஒரிஜினல்களைத் திரையில் போட்டு, இரண்டிலும் ஒரே இடத்தில் சின்னக் கட்டம் வரைந்து, பென்சில் முனையால் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"முதல் படத்துல இந்தக் கட்டத்துல அறுபத்தொண்ணு. கடைசிப் படத்துல அறுபத்து மூணு."

"ரெண்டு முடிக்கா ஆறு மாசம்?"

"நாலு வருஷமா கொட்டிட்டே இருந்தது நின்னிருக்கு சார். மருந்து நிறைய பேருக்கு அதைத்தான் செய்யும். காடு வளர்க்காது. இருக்கிறதைப் பிடிச்சு வைக்கும்."

"அப்ப ஆபரேஷன்?"

"பண்ணலாம். பின்னாடி நல்லாத்தான் இருக்கு. ஆனா பண்ணாலும் இந்த மருந்தை விட முடியாது. விட்டா நட்டது நிக்கும், சுத்தி இருக்கிறது போயிடும்."

அவருக்கு நழுவிய தொப்பி ஒன்று கண்முன் வந்தது. "எங்க வீட்டுல ஒருத்தர் அப்படி இருக்காரு" என்றார்.

"பின்னாடி இருக்கிறது கொஞ்சம்தான் சார். உங்களுக்கு எங்க வரைக்கும் கொட்டும்னு இன்னும் தெரியல. இப்பவே எடுத்து உச்சியில நட்டுட்டா, நாளைக்கு முன்னாடி போச்சுன்னா கொண்டுவரப் பின்னாடி எதுவும் இருக்காது."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"மருந்தை விடமாட்டேன். மத்ததை ஒரு வருஷம் கழிச்சு, வேணும்னு தோணுச்சுன்னா, யோசிப்பேன்."

"இதை ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"ஆரம்பத்துல நான் இங்க இல்ல சார். நான் வந்தப்ப நீங்க திரையில இருந்தீங்க."

அவர் எழுந்தார். மருந்தா ஆபரேஷனா என்று ஆறு மாதம் மண்டையைக் குழப்பிக்கொண்ட கேள்வி, மருந்தா அல்லது மருந்தும் ஆபரேஷனுமா என்று சுருங்கிப்போயிருந்தது. அதற்குப் பதில் சொல்ல அவருக்குப் படம் தேவைப்படவில்லை. தான் நினைத்திருந்த அளவு துக்கமும் வரவில்லை. பசித்தது, காலையில் சாப்பிடாமல் வந்தது ஞாபகம் வந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போனார்.

"வியாழக்கிழமை தேதியை எடுத்துடுங்க. எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

அவள் கணினியில் அவர் பதிவைத் திறந்தாள். "ரத்துக்குக் காரணம் போடணும் சார். ரெண்டுதான் இருக்கு. 'குணமடைந்தார்', இல்லன்னா 'வரவில்லை'."

"வந்திருக்கேனே."

"அதான் பாக்கிறேன்."

"வேண்டாம்னு சொல்லிட்டார்னு மூணாவதா ஒண்ணு இல்லையா?"

"அப்படி இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல சார். 'வரவில்லை'ன்னு போட்டா உங்க பதிவு மூடிடும், அடுத்த மாசம் மருந்துச் சீட்டு எடுக்க முடியாது."

"குணமாயிட்டேன்னு போட்டா மருந்து எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

அவள் டாக்டரின் மூடிய கதவைப் பார்த்தாள். "யாரு சார் கேக்கப் போறாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையசைத்தார். அவள் ஒரு தாளை நீட்டி, எழுந்து நின்று, எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து போட்டார். அவள் பார்வை அவர் உச்சந்தலையில் ஒரு கணம் நின்றது. பிறகு உட்கார்ந்து விசையைத் தட்டினாள். அவள் தலைக்கு மேலே சுவரில் ஒளிர்ந்த எண்பலகையில், மையத்தில் முடி திரும்பப் பெற்றவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடியது.